‘செட்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சோதித்துப் பார்த்த அகராதி

அகராதி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடினமான நாலு சொல்லைத் தேடிப் பார்ப்பார்கள். நாலுக்கும் பொருள் இருந்துவிட்டால் நல்ல அகராதி என்று பில் போட்டுவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். இப்போது கடையில் எந்த ஆங்கில அகராதியை எடுத்தாலும் நேராக ‘செட்’ (set) என்ற சொல்லுக்குப் போய்விடுகிறேன். கடினமான சொல்லுக்கு பெரும்பாலும் ஒரு பொருள், மிஞ்சினால் இரண்டு, அதை எந்த அகராதியும் சொல்லிவிடும். மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல்லை ஒருவர் எப்படிப் பிரித்து அடுக்கியிருக்கிறார் என்பதில்தான் அவருடைய உழைப்பு தெரியும்.

இந்தப் புத்தி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் கோவையில் இருந்துகொண்டு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை செய்கிறேன். படிவம், அறிவிப்பு, சங்கத்து ஆண்டறிக்கை, சின்னப் பத்திரிகைக்குச் செய்தி என்று கிடைப்பதையெல்லாம் செய்வேன். அவசரத்துக்கு ஆகட்டும் என்று கைபேசியில் ஓர் இலவச ஆங்கில–தமிழ் அகராதிச் செயலி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு நாள் நீதிமன்றச் செய்தி ஒன்று வந்தது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ‘செட் அசைடு’ செய்துவிட்டது என்று அதில் இருந்தது. செயலியில் தட்டினேன், ‘ஒதுக்கி வை’ என்று வந்தது. அப்படியே ‘தீர்ப்பை உயர் நீதிமன்றம் ஒதுக்கி வைத்தது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சில் வந்த மறுநாள் ஒரு வக்கீல் கூப்பிட்டார். “ஏனுங்க, தீர்ப்பையே ரத்துப் பண்ணிட்டாங்க, நீங்க என்னமோ அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்ச மாதிரி எழுதியிருக்கீங்களே” என்றார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட குடும்பம் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருக்கும்?

அதற்கு அடுத்த மாதமே ஒரு வீட்டுமனைத் திட்டத்தின் குறிப்பு வந்தது. அதில் ‘செட்பேக்’ இத்தனை அடி என்று இருந்தது. செயலி அதற்குப் ‘பின்னடைவு’ என்று காட்டியது. தேர்தலில் தோற்றால் வருவதும் நோயாளிக்கு உடம்பு மறுபடி மோசமானால் வருவதும் பின்னடைவு. இங்கே பேச்சு, மனை எல்லையிலிருந்து கட்டடம் வரைக்கும் விட வேண்டிய காலியிடத்தைப் பற்றியது. இன்ஜினியர்களும் மேஸ்திரிகளும் ‘செட்பேக் விடணும்’ என்றுதான் சொல்வார்கள். நல்லவேளையாக இந்த முறை அச்சுக்குப் போவதற்கு முன் ஓர் இன்ஜினியர் நண்பர் பார்த்துவிட்டார். அன்றைக்கே அந்தச் செயலியை நீக்கிவிட்டேன்.

அந்தச் செயலியில் ‘செட்’ என்று தட்டினால் வந்தது இவ்வளவுதான்: அமை, நிறுவு, தொகுதி, கணம், மறை, உறுதியான. நடுவில் காற்புள்ளிகள். ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்கூடக் கிடையாது. இந்த ஆறில் எதை எங்கே பயன்படுத்துவது என்று தெரிந்தவருக்கு அகராதியே தேவையில்லை, தெரியாதவருக்கு இந்தப் பட்டியல் ஒரு பொறி.

சரி, நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று உக்கடம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். அங்கே கிடைத்ததுதான் இந்த மதிப்புரைக்கு உரிய ‘லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ்’. இதன் முதல் பதிப்பு 1978ல் வந்தது. என் கையில் இருப்பது 2003ல் வந்த நான்காம் பதிப்பு. முன்னூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன், கூட வந்திருக்க வேண்டிய சிடி இல்லை. செங்கல் கனம் இருக்கிறது, படுத்துக்கொண்டு படிக்க முடியாது.

முதலில் இந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அகராதிக்காரர்களின் பாடு புரியும். 1989ல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. அதிலேயே மிக நீளமான பதிவு இந்தச் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான்: 430 பொருள்கள், மேற்கோள்களோடு சேர்த்துச் சுமார் 60,000 சொற்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த மதிப்புரையைப் போல சுமார் நாற்பது எழுதினால் அவ்வளவு நீளம் வரும், அதுவும் ஒரே சொல்லுக்கு. பிறகு அந்த அகராதியைத் திருத்திப் புதுப்பித்தபோது ‘ரன்’ முந்திக்கொண்டது. அதன் வினைக்கு மட்டும் 645 பொருள் வந்தது, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மாதம்! அந்தப் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பெரிய அகராதி வரலாற்று முறையில் அடுக்கியது, பழைய பொருள் முதலில் வரும். நாளைக் காலைக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய என்னைப் போன்றவருக்கு அது கடலில் இறங்கி ஒரு சொம்புத் தண்ணீர் மொள்வது போல. லாங்மேன் போன்ற கற்போர் அகராதிகள் அடிக்கடி வழங்கும் பொருளை முன்னால் வைக்கும். இன்னொன்று, பொருள் விளக்கங்கள் எல்லாவற்றையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய், அந்த விளக்கத்தில் உள்ள இன்னொரு சொல்லுக்கு வேறு பக்கம் புரட்டும் தொல்லை அநேகமாக இல்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒழுங்காகப் படித்தவருக்கு இது போதும்.

என்னை வாங்க வைத்தது வேறொரு ஏற்பாடு. பல பொருள் உள்ள சொற்களில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு சின்ன வழிகாட்டிச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 1995ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. ‘செட்’ பக்கத்தைத் திறந்தால் கதை, கடிகாரம்–இயந்திரம், பசை–சிமெண்ட், சூரியன், எலும்பு, தலைமுடி, இசை என்று கண் ஓடிக்கொண்டே போகும். எனக்கு வந்த வாக்கியத்தில் சூரியன் இருந்தால் சூரியனுக்குப் போகிறேன், மேலே கீழே உள்ள எதையும் படிக்க வேண்டியதில்லை. பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை மாட்டியிருப்பது மாதிரி. எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாரையும் கேட்காமல் தன் பஸ்ஸில் ஏறிவிடலாம்.

பசை–சிமெண்ட் என்ற பொருளைச் சொல்லும்போது ஒரு விஷயம். நம் ஊரில் கொத்தனார் ‘சிமெண்ட் செட் ஆகட்டும்’ என்று சொல்வது சுத்தமான ஆங்கிலப் பொருளில்தான். சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தர விதிப்படி முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் முழுதாக இறுகியிருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகும் வலு கூடிக்கொண்டே போகும், 28ஆம் நாள் வலுவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதாவது செட் ஆவது ஒரு கட்டம், வலுவாவது வேறு கட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டுக்கும் ‘கெட்டியாதல்’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் குழம்பிப்போவார். தமிழில் ‘இறுகுதல்’, ‘உறைதல்’, ‘தோய்தல்’ என்று தனித்தனியாகவே இருக்கின்றன. சிமெண்ட் இறுகும், நெய் உறையும், தயிர் தோயும். ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிற இடத்தில் நம்மிடம் மூன்று இருக்கின்றன.

‘செட் ஆஃப்’, ‘செட் இன்’, ‘செட் அவுட்’, ‘செட் அசைடு’ போன்ற கூட்டு வினைகளைத் தனியாகத் தொகுத்துக் கொடுத்திருப்பது பெரிய உதவி. ‘செட் அசைடு’ என்பதைப் பார்த்தேன். பணத்தை ஒரு காரியத்துக்கு ஒதுக்கி வைப்பது ஒன்று, முந்தைய தீர்ப்பு இனிச் செல்லாது என்று முடிவு செய்வது இன்னொன்று, இரண்டும் தனித்தனி எண்ணில், எடுத்துக்காட்டோடு. அன்றைக்கு இந்தப் புத்தகம் கையில் இருந்திருந்தால் அந்த வக்கீல் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை. ‘செட் ஆஃப்’ இன்னும் சுற்றும். பயணம் கிளம்புவது, பட்டாசு வெடிப்பது, அலாரத்தை அலற விடுவது, ஒரு கணக்கில் வந்த நட்டத்தை இன்னொரு கணக்கின் லாபத்தில் கழிப்பது, எல்லாம் அதுதான். வருமான வரிப் படிவம் மொழிபெயர்ப்பவர்கள் இந்தக் கடைசிப் பொருளில் அடிக்கடி வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, இந்த அகராதியில் தேடக் கூடாத பக்கத்துக்கு வருகிறேன். ‘செட்’ நம் ஊருக்கு வந்து நம் சொல்லாகவே ஆகிவிட்டது. பம்பு செட், மைக் செட், பல் செட், கம்மல் செட், ஒரு செட் பூரி, வடைகறியோடு செட் தோசை, சினிமாவுக்குப் போடுகிற செட். ‘எங்க செட்டுல அவன்தான் முதல்ல கல்யாணம் பண்ணினான்’ என்றால் கூடப் படித்தவர்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது ‘செட் ஆகலை’. எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது, அந்தக் கம்பெனி வேலை எனக்கு செட் ஆகலை, இந்தச் சட்டைக்கு அந்த பேண்ட் செட் ஆகலை. பொருந்துதல், ஒத்துப்போதல் என்ற இந்தப் பொருள் நாம் கொடுத்தது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வேறு சொற்கள் வரும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் நேர்முகத் தேர்வில் ‘தட் ஜாப் வாஸ் நாட் செட் ஃபார் மீ’ என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் தமிழ். கேட்டவர்களுக்குப் புரியவில்லை, அவனுக்கும் ஏன் புரியவில்லை என்று புரியவில்லை. ஓர் ஆங்கில–தமிழ் அகராதி இந்த இடத்தில் ‘தமிழில் வழங்கும் செட் வேறு, கவனம்’ என்று ஒரு வரி போட்டால் எத்தனை பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்! லாங்மேனிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை, அது உலகத்துக்கே பொதுவான புத்தகம். தமிழில் அகராதி செய்கிறவர்கள்தான் செய்ய வேண்டும்.

இதில் ஓர் ஆச்சரியமும் உண்டு. அலாரம் ‘செட்’ பண்ணுவதும், ‘எங்க செட்’ என்று சொல்வதும் பிறப்பால் இரண்டு வேறு சொற்கள். வினை, பழைய ஆங்கிலத்து ‘செட்டன்’ என்பதிலிருந்து வந்தது. கூட்டம், குழு என்ற பெயர்ச்சொல் லத்தீன் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து, வினையோடு உரசி உரசி ஒன்று போல ஆகிவிட்டது. அந்த ‘செக்டா’ என்றால் பின்பற்றுதல், பின்பற்றும் கூட்டம். மதப்பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அதே வேர்தான். காலேஜ் செட்டும் சாமியார் மடமும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வினைக்கு வருவோம். ‘செட்டன்’ என்பது ‘சிட்’ என்பதன் பிறவினை. ‘சிட்’ என்றால் தானே உட்காருவது, ‘செட்’ என்றால் இன்னொன்றை உட்கார வைப்பது. தமிழில் இரு–இருத்து, ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு என்று பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை படித்தோமே, அதே தான். ஆங்கிலத்தில் இப்படிச் சில ஜோடிகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன: ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ வீழ்த்து. ‘லை’ கிட, ‘லே’ கிடத்து. தமிழ் பேசுகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார். எனக்கு யாரும் சொல்லவில்லை, நாற்பது வயதுக்கு மேல் நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன்.

உட்கார வைப்பது என்று புரிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது, இந்தச் சொல்லுக்குத் தமிழில் முதல் பொருளாகப் போட வேண்டியது ‘அமை’யோ ‘நிறுவு’வோ அல்ல, ‘வை’ என்ற ஓரெழுத்துச் சொல்தான். சோதித்துப் பாருங்கள். வீட்டுக்குத் தீ வைத்தான், எலிக்குப் பொறி வைத்தாள், அஞ்சு மணிக்கு அலாரம் வை, வாத்தியார் பரீட்சை வைத்தார், கடைக்காரர் விலை வைத்தார், நாற்பது நாளில் முடிப்பதாகக் கெடு வைத்தார்கள். எல்லா இடத்திலும் ஆங்கிலத்தில் ‘செட்’ வரலாம். கோழியை முட்டை மேல் உட்கார விடுவதை நாம் அடை வைப்பது என்கிறோம், ஆங்கிலத்தில் அதற்கும் ‘செட்’தான். இதையெல்லாம் விட என்னை அசத்தியது இன்னொன்று. ‘அவர் பேச்சு என்னை யோசிக்க வைத்தது’, ‘சிரிக்க வைத்தான்’ என்று துணைவினையாகப் போடுகிறோமே, அதுவும் ‘செட் மீ திங்கிங்’, ‘செட் தெம் லாஃபிங்’ என்று அங்கே அப்படியே இருக்கிறது. இரண்டு மொழிக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. பொருளை ஓரிடத்தில் வைக்கிற கை, மனிதரைச் சிரிக்கவும் வைக்கிறது என்று இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இதற்காக ‘செட்’ வந்த இடமெல்லாம் ‘வை’ போட்டுவிடலாமா என்றால், கூடாது. ‘செட் ஐஸ் ஆன்’ என்றால் முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது. நாம் ‘கண் வைத்தான்’ என்றால் ஆசைப்பட்டான், அல்லது திருஷ்டி பட்டது. சூரியன் சாயும், வைக்க முடியாது. கணக்குப் பாடத்தில் அது கணம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடமே ‘கண மொழி’தான். உடைந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் வை பொருந்தாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் லாங்மேனில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எனக்குப் பயன்படுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து ‘வை’ போட்டுச் சொல்லிப் பார்ப்பேன், நாக்கு தடுக்கினால் வேறு சொல்.

இதே வேலைக்குக் காலின்ஸ் கோபில்டு அகராதியையும் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987ல் வந்தது. பேச்சிலும் எழுத்திலும் உண்மையாக வழங்கிய ஆங்கிலத்தைக் கணினியில் தொகுத்து, அதிலிருந்து பொருள் பிரித்தார்கள். விளக்கத்தைத் துண்டாகத் தராமல் முழு வாக்கியமாகவே எழுதுவார்கள். பசையோ சிமெண்டோ இந்த வினையைச் செய்தால் அது கெட்டியாகிறது என்கிற பாணியில் இருக்கும். சொல்லோடு எது சேர்ந்து வரும் என்பதும் விளக்கத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்த முறை பிடிக்கும். எனக்கு அவசரத்தில் தேட லாங்மேனின் வழிகாட்டிச் சொல்தான் வசதி, அதனால் மேசை மேல் அது, கோபில்டு அலமாரியில்.

குறை என்று பார்த்தால், தமிழ் கிடையாது என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பொருளை எளிய ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு, தமிழை நம் வாயிலிருந்தும் ஒரு நல்ல தமிழ் அகராதியிலிருந்தும் எடுப்பதுதான் சரியான வழி. அதற்கு நான் வைத்திருப்பது 1992ல் முதலில் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. வாக்கிய எடுத்துக்காட்டு உண்டு, துணைவினையைத் தனியாகப் பிரித்துக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால் ‘செட்’டும் ‘வை’யும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும். உண்மையான குறை, இந்திய அலுவலக ஆங்கிலம். கட்டட விதி, பத்திரப் பதிவு, வரி இவற்றில் வரும் சிறப்புப் பொருள்களுக்குப் பொதுவான கற்போர் அகராதியை நம்பிவிடக் கூடாது. அந்தத் துறையில் இருப்பவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பதே உத்தமம். செட்பேக் விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது ஒரு மனிதர்தான். அப்புறம், அச்சு எழுத்து சிறியது. நாற்பது தாண்டியவர்களுக்கு மாலை வெளிச்சத்தில் கண்ணாடி இருந்தாலும் சிரமம்தான்.

யார் வாங்கலாம்? மொழிபெயர்ப்பவர்கள், ஆங்கில ஆசிரியர்கள், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் தயங்காமல் வாங்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம், கனத்தைப் பார்த்தே பயந்துவிடும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் இதே அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாசித்தும் காட்டுகிறது, உச்சரிப்புப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய வரம். எனக்குப் புத்தகம்தான் தோது, ஒரு சொல்லைத் தேடிப் போகும்போது பக்கத்துச் சொல்லும் கண்ணில் படும்.

பழைய பிரதி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் ‘எஸ்’ எழுத்துப் பகுதியை முழுதாக ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஆங்கில அகராதிகளில் அதுதான் மிகப் பெரிய பகுதி, புத்தகத்தின் பின்பாதியில் தையல் இளகித் தாள் உதிர்வதும் பெரும்பாலும் அங்கேதான். நான் உக்கடத்தில் முதலில் எடுத்த பிரதியில் சரியாக ‘செட்’ இருக்க வேண்டிய தாளைக் காணோம். கடைக்காரரிடம் காட்டினேன், “இருங்க” என்று உள்ளே போய் அடுக்கின் அடியிலிருந்து இன்னொன்றை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.